எரிச்சலே இல்லையே, எதற்கு யூரின் கல்ச்சர்?

கேள்வி: நான் 3 மாதக் கர்ப்பிணி. நீர்க்கடுப்பு, எரிச்சல் எதுவுமில்லை. ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்த யூரின் டெஸ்ட்டும் நார்மல். ஆனாலும் டாக்டர் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம்தான். கல்ச்சர் என்பது சிறுநீரை லேபில் வைத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீரில் கிருமி பெருகியிருப்பது 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேரிடம் காணப்படுகிறது. மற்ற பெண்களுக்குப் பெரும்பாலும் இதற்கு மருந்தே தேவையில்லை. கர்ப்பத்திலோ ஹார்மோனால் சிறுநீர்க்குழாய்கள் தளர்கின்றன, கருப்பையும் அழுத்துகிறது. சிறுநீர் தேங்கி, கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் குளிர்காய்ச்சலும் விலாவலியுமாக ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவரும். குறைப்பிரசவ அபாயமும் உண்டு.

ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப முடியாது. சிறுநீரில் உள்ள நைட்ரேட் என்ற உப்பைக் கிருமி நைட்ரைட்டாக மாற்றினால்தான் ஸ்ட்ரிப்பில் அதற்கான கட்டம் நிறம் மாறும். அதற்குச் சிறுநீர் சில மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் போகும் கர்ப்பிணிக்கு அது எங்கே தங்குகிறது? தவிர, சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை.

சாம்பிள் எடுக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கை கழுவி, பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்யுங்கள். இதழ்களை விரித்துப் பிடித்தபடியே முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் ஸ்டெரைல் டப்பாவில் பிடியுங்கள். உள்பக்கம் விரல் படக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. வெளியிலேயே வைத்திருந்தால் நாலு கிருமி நாலாயிரமாகி ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் 'பல கிருமிகளின் கலப்பு வளர்ச்சி' என்று வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் தோலிலிருந்து கலந்த கிருமி. மறுபடி சாம்பிள் கொடுங்கள். ஒரே வகைக் கிருமி, ஒரு மில்லிலிட்டரில் 1 லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாகச் சிகிச்சை. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். அதையும் கர்ப்ப வாரத்தையும் பார்த்து டாக்டர் வழக்கமாக 4 முதல் 7 நாள் மாத்திரை தருவார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள்: நைட்ரோஃபியூரன்டாயின் பிரசவம் நெருங்கும்போது ஆகாது, டிரைமெதோபிரிம் முதல் 3 மாதத்தில் தவிர்க்கப்படுவது. கோர்ஸ் முடிந்து ஓரிரு வாரத்தில் மீண்டும் கல்ச்சர் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் வந்தது 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற கிருமி என்றால் பிரசவ வலியின்போதும் ஊசி மருந்து தேவைப்படும். அந்த ரிப்போர்ட்டைப் பிரசவ ஃபைலிலேயே வைத்திருங்கள்.