ஐந்து மணியும் பதினொரு மணியும்

அன்புள்ள ஐயா,

வருவாய்த் துறையில் உதவியாளராக இருக்கிறேன். வயது 47. ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் இரவு பத்தரைக்குப் படுத்தேன். காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தபோது வலது கை மரத்திருந்தது. ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்று மறுபடி தூங்கிவிட்டேன். ஏழு மணிக்கு எழுந்திருக்க முடியவில்லை. மனைவி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். புரையேறிவிட்டது. பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பி, ஸ்கேன் எடுக்கும்போது மணி பதினொன்று. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.

இப்போது நடக்கிறேன். கையெழுத்துதான் கோணல். சாவி என்று சொல்ல வாயெடுத்தால் செருப்பு என்று வருகிறது. வேலைக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். ஆபீசில் சிலர் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஐந்து மணிக்கே கிளம்பியிருந்தால் இதெல்லாம் வந்திருக்காதே என்று ராத்திரியெல்லாம் மனசு அரிக்கிறது. உங்களுக்கும் பக்கவாதம் வந்து வேலைக்குத் திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஐந்து மணியைத் தீர்த்துவிடுவோம்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, நீங்கள் கண்விழித்த நேரத்திலிருந்து டாக்டர்கள் மணி எண்ணுவதில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்களோ அங்கிருந்துதான் எண்ணுவார்கள். உங்களுக்கு அது இரவு பத்தரை. நாலரை மணி நேரக் கெடு பின்னிரவு மூன்று மணிக்கே, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. ஐந்தரைக்கே ஸ்கேன் மேசையில் படுத்திருந்தாலும் வழக்கமான கணக்கில் ஊசி கிடையாது.

உங்களைத் தேற்றுவதற்காக மீதியை மறைக்க மாட்டேன். தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களிலும் எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை, தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் தரும் என்பதும் அந்தச் சமயத்தில்தான் உறுதியானது. அதற்கான ஆளும் கருவியும் எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தால் ஏதோ கிடைத்திருக்கலாம். நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கிடைத்திருக்காது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நேரத்துக்குப் போனவன் நான்.

வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். காலை பதினொன்றே கால் இருக்கும். பக்கத்து மேசையில் வளையலை உரைகல்லில் தேய்த்துக்கொண்டிருந்த நகை மதிப்பீட்டாளர் நிமிர்ந்து பார்த்து, “சார், வாய் ஒரு பக்கமா இழுக்குதே” என்றார். நான் சிரித்தேனாம். பாதி வாய்தான் சிரித்ததாம். அவரே கையைத் தூக்கச் சொல்லி, இடது கை கீழே விழுவதைப் பார்த்ததும் 108க்குப் போன் போட்டார். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஊசி ஏறிவிட்டது. அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெரியாமல் போட்டால், கசிவாக இருக்கும் பட்சத்தில் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும்.

ஊசி போட்டதும் எழுந்து நடந்தான் என்று உறவுக்காரர்கள் சொல்லும் கதையை நம்பாதீர்கள். 1995இல் அமெரிக்காவில் வந்த முதல் பெரிய ஆய்விலேயே, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மூன்று மாதம் கழித்துக் குறையில்லாமல் இருந்தவர்கள், போடாதவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நான் வேலைக்குத் திரும்பவே நான்கு மாதம் ஆனது.

திரும்பிய அன்று ஒரு நூறு ரூபாய்க் கட்டை எண்ணினேன். முதல் தடவை 97 வந்தது, அடுத்த தடவை 102. இயந்திரம் 100 என்றது. சலானில் 69ஐ 96 என்று எழுதினேன். இரண்டு மணிக்கு வீட்டில் கரண்ட் போனதுபோல எல்லாம் அணைந்துவிடும். அந்த அசதியை யாருக்கும் புரியவைக்க முடியாது. பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க என்பார்கள். கையும் காலும் இழுத்திருந்தால் நாற்காலி கொண்டுவந்து போட்டிருப்பார்கள். மேலாளர் என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து உள்வேலைக்குப் போட்டார். நான் எழுதிய எண்களை இன்னொருவர் சரிபார்த்தார். கூச்சமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பழைய லெட்ஜர் அடுக்கிய அறையில் பெஞ்சில் அரைமணி படுத்துக்கொள்வேன். எட்டு மாதம் இப்படி ஓடியது.

இனி உங்கள் ஆபீஸ். வி.ஆர்.எஸ். தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், இப்போது வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20ஐ ஒருமுறை படியுங்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணியிலிருந்து அனுப்பவோ பதவி இறக்கவோ முடியாது. பார்த்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். இடமே இல்லையென்றால், கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும்வரையோ கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டால் இதெல்லாம் உங்களுக்கு இல்லை. முதல் சில மாதம் தபால் பிரிவு மாதிரி ஏதாவது கேளுங்கள். மனுக்காரர்கள் முன்னால் நின்று பதில் சொல்லும் இடம் வேண்டாம், சொல் தடுமாறினால் பதற்றம் கூடும், பதறினால் இன்னும் தடுமாறும். டூவீலரை டாக்டர் சொல்லும்வரை தொடாதீர்கள். பிரஷர் மாத்திரையை, நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டு இரண்டாம் முறை விழுந்தவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், எண்ணெயால் கெடுதல் ஒன்றும் இல்லை, கொஞ்சம் நேரம் போனது, அவ்வளவுதான். வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் கூடாது. விழுங்க முடியாதபோது அது நுரையீரலுக்குள் போய்விடும். அவர் செய்ததில் வியப்பில்லை. ரத்தம் எடுத்துத் தேய்க்க என் சித்தி கூண்டோடு ஒரு புறாவையே கொண்டுவந்தார். என் மனைவி விடவில்லை. அந்தப் புறா எங்கள் மொட்டை மாடியிலேயே தங்கிவிட்டது.

சாவி, செருப்பு சமாச்சாரம் குறையும். எனக்கு முழுதாகப் போகவில்லை. அசந்திருந்தால் இன்றைக்கும் ரிமோட்டைப் பேனா என்றுதான் கேட்கிறேன். பேரன் ஒன்றும் கேட்காமல் ரிமோட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.