எழுபத்திரண்டில் ஒரு பங்கு மிக்-21: வாசகர் கேள்வி – பதில்

1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதிலிருந்து இப்பகுதிக்கு அந்த விமானத்தின் பிளாஸ்டிக் மாடலைப் பற்றியே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் 1/72 அளவுக் கிட்டில் (பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தொகுப்பு) நுண்விவரம் சேர்ப்பது பற்றிய சிலவற்றை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

மிக்-21-இன் பிஸ் வகைக் கிட் ஒன்றும் அதற்கென விற்கும் பித்தளை ஃபோட்டோ எட்ச் தகடும் (வேதிப்பொருளால் அரித்து நுண்பாகங்கள் வடித்த மெல்லிய தகடு) வாங்கியிருக்கிறேன். தகட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பாகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒட்டித்தான் ஆக வேண்டுமா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

வேண்டியதில்லை. ஒட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உண்மையான மிக்-21-இன் சிறகு விரிவு 7.15 மீட்டர்; உங்கள் கையில் அது 99 மில்லிமீட்டர், அதாவது அரைச் சாணுக்கும் குறைவு. அந்த மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதும் ஓடுதளத்தில் நிற்கும் உண்மை விமானத்தை 21 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதும் ஒன்றே. நல்ல பார்வை உள்ளவரின் கண் 30 சென்டிமீட்டர் தொலைவில் அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய, அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.09 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். 72-ஆல் பெருக்கினால் அது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உண்மை விமானத்தில் அதைவிடச் சிறியதாக உள்ள ஒரு திருகுத் தலையையோ விசைக் குமிழையோ நீங்கள் எவ்வளவு பாடுபட்டு ஒட்டினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை.

ஆனால் தடிமன் தெரியும். பெரும்பாலான கிட்களில் சக்கர அறைக் கதவுகள் 0.7 மி.மீ. தடிமனில் வார்க்கப்பட்டிருக்கும், உண்மை அளவுக்கு மாற்றினால் அது 5 சென்டிமீட்டர், விமானக் கதவு அல்ல, வாசற்கதவு! சிறகின் பின்விளிம்பும் அப்படித்தான். விவரம் சேர்ப்பது என்றாலே எதையாவது ஒட்டுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; 1/72-இல் பாதி வேலை சுரண்டுவதுதான். மேல் சிறகையும் கீழ்ச் சிறகையும் சேர்ப்பதற்கு முன், இரண்டின் உட்புறப் பின்விளிம்பையும் 400 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் ஒட்டித் தேய்த்துவிடுங்கள். வெளிப்புறக் கோடுகள் அழியாமல் விளிம்பு மட்டும் கத்திபோல் மெலிந்துவிடும். இதற்குச் செலவு ஒரு துண்டு உப்புத்தாளும் அரை மணி நேரமும்தான். எழுபது பித்தளைத் துண்டுகளும் சேர்ந்து தராத தோற்றத்தை இந்த ஒன்று தரும்.

பித்தளைத் தகட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இயல்பிலேயே தட்டையாக இருக்கும் பொருள்களை மட்டும்: இருக்கைப் பட்டைகள், குறிபார்க்கும் கருவியின் சட்டம், தகடு வடிவ ஆன்டெனாக்கள். உருண்டையான நெம்புகோலைத் தட்டைப் பித்தளையில் செய்து வைத்தால் அது காகிதத்தில் வெட்டியதுபோல்தான் இருக்கும். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் பாகமே அதைவிட மேல். வெட்டும்போது தகட்டைப் பீங்கான் ஓட்டின்மேல் வைத்து, பாகத்தை விரலால் அழுத்திக்கொண்டு, வளைந்த பிளேடால் மேலிருந்து நேராக அழுத்துங்கள். வளைய மறுக்கும் பாகத்தைச் சட்டத்தோடு சேர்த்து அடுப்புத் தீயில் மங்கிய சிவப்பேறும் வரை ஒரு கணம் காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகிவிடும். வண்ணம் அச்சிட்டு வரும் தகடுகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வண்ணம் கருகிவிடும்.

மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய் (பறக்கும் வேகத்தை அளக்க உதவும் குழாய்) மூன்றாவது முறையாக உடைந்துவிட்டது. உலோகத்தில் எப்படிச் செய்வது?
– வங்கி ஊழியர், மதுரை

உங்கள் துயரம் எனக்குப் புதிதல்ல. என் சட்டைக் கைமடிப்பு ஒரே மாதத்தில் இரண்டு பிட்டோக்களை வீழ்த்தியிருக்கிறது. மருந்துக் கடையில் 23 கேஜ் ஊசி ஒன்றும் 30 கேஜ் ஊசி ஒன்றும் வாங்குங்கள். முதலாவதன் வெளிவிட்டம் 0.64 மி.மீ.; உள்துளை ஏறத்தாழ 0.34 மி.மீ. இரண்டாவதன் வெளிவிட்டம் 0.31 மி.மீ. என்பதால் அது முதலாவதற்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். பிட்டோ குழாய் அடியில் பருத்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால் இந்த இரண்டடுக்கு அமைப்பு அதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது.

ஊசியைக் கொறடால் வெட்டாதீர்கள். வாய் நசுங்கித் துளை அடைபட்டுவிடும். தட்டையான அரம் ஒன்றின் விளிம்பால் ஊசியைச் சுற்றி மெல்லிய பள்ளம் எடுத்து, பள்ளத்தின் இருபுறமும் பிடித்து ஒடித்தால் சுத்தமாக முறியும். ஒடியும் துண்டு பறக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். இரண்டையும் செருகி, நீளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டபின், இணையும் இடத்தில் குண்டூசி முனையால் ஒரு துளி சூப்பர் க்ளூ தொட்டு வைத்தால் போதும். மூக்கில் 0.6 மி.மீ. துளையிட்டு, அதை ஊசி நுழையும் அளவுக்கு மட்டும் சற்று அகட்டிக்கொண்டு, ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே போகுமாறு நடுங்கள். அதன்பின் சட்டை மாட்டினால் கிழிவது சட்டைதான். பிஸ் வகையில் இந்தக் குழாய் மூக்கின் நடு உச்சியில் இல்லாமல் விமானியின் வலப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும் என்பதைத் துளையிடும் முன் நினைவில் வையுங்கள். நுனிக்கு அருகே வரும் சின்னஞ்சிறு இறகுத் தகடுகளுக்கு ஃபோட்டோ எட்ச் பாகமே சரி. வண்ணம் பூசி, டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஒட்டி, கடைசி வார்னிஷும் முடிந்தபிறகே அவற்றை ஒட்டுங்கள்.

பழைய கிட் ஒன்றில் தகட்டு இணைப்புகள் பள்ளமாக இல்லாமல் மேடான கோடுகளாக இருக்கின்றன. எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீறலாமா? கூடவே ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசைகளையும் குத்த ஆசை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

கீறலாம், ஆனால் எவ்வளவு ஆழமாக, எவ்வளவு அகலமாக என்பதே கேள்வி. புதிய கிட்களில்கூட இக்கோடுகள் ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலத்தில் இருப்பதுண்டு, உண்மை விமானத்தில் அது 14 மி.மீ. இடைவெளி ஆகும். ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கில் பறந்த ஒரு விமானத்தின் உடலில் சுண்டுவிரல் நுழையும் பிளவுகள் இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஊசி முனையால், அழுத்தமே இல்லாமல், தடித்த லேபிள் நாடாவை அளவுகோலாக ஒட்டிக்கொண்டு, மூன்று நான்கு முறை மெல்ல இழுத்தால் போதுமானது. முதல் இழுப்பு வழிகாட்டத்தான். அதிலேயே ஆழம் தேடினால் ஊசி தடம் மாறி ஓடும். அப்படி ஓடிவிட்டால் சூப்பர் க்ளூவை நிரப்பி, அது கல்லாக இறுகுவதற்குள், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தேய்த்துவிட்டு மறுபடி கீறுங்கள். பட்டி வைத்து அடைத்த இடத்தில் புதுக் கோடு உதிர்ந்து பல்லிளிக்கும்.

எல்லாக் கோடுகளுக்கும் ஒரே அழுத்தம் கொடுக்காதீர்கள். சிறகின் பின்புறம் அசையும் ஏலெரான், ஃபிளாப் ஆகியவற்றைச் சுற்றி உண்மையிலேயே இடைவெளி உண்டு. அங்கே ஆழமாக இழுங்கள். பராமரிப்புக்காகத் திறக்கும் மூடிகளுக்கு நடுத்தரம். நிரந்தரமாக இணைத்த தகடுகளுக்கு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்கு இருந்தால் அழகு.

ரிவெட் பற்றிய ஆசையை நான் கெடுக்க விரும்பவில்லை. ஆனாலும் நான்கு மில்லிமீட்டர் தலையுள்ள ரிவெட் உங்கள் மாடலில் 0.06 மி.மீ.தான். பல்சக்கரக் கருவி குத்துவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். தனி ரிவெட்டாக அது பொய். வரிசையாக, உலோகப் பூச்சின்மேல் சாய்ந்த வெளிச்சம் படும்போது மட்டும், நம்பக்கூடிய பொய்.

காக்பிட்டுக்கு என்ன நிறம்? அதற்குள் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

மிக்-21 பிஸ் காக்பிட்டின் உட்சுவர்களும் கருவிப் பலகையும் நீலம் கலந்த பச்சை. சோவியத் விமானங்களுக்கே உரிய, பார்த்தவுடன் அடையாளம் தெரியும் நிறம் அது. புட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே பூசினால், அவ்வளவு சிறிய குழிக்குள் அது கறுத்துத் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்துகொள்ளுங்கள். காய்ந்தபின், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மூலைகளில் ஓடவிட்டு, துடைத்து ஏறக்குறைய உலர்த்திய தூரிகையில் வெளிர்நிறத்தை எடுத்து மேடுகளை மட்டும் உரசினால் அமைப்பெல்லாம் எழுந்து நிற்கும். அடியில் அக்ரிலிக் வண்ணம் இருந்தால் டர்பன்டைன் அதைக் கரைக்காது.

குறைந்தபட்சம் என்று கேட்டதால் இரண்டே சொல்கிறேன். ஒன்று, இருக்கைப் பட்டைகள். உண்மைப் பட்டை ஏறத்தாழ 45 மி.மீ. அகலம்; மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடிமேல் ஒட்டி, புது பிளேடால் 0.6 மி.மீ. கீற்றுகளாக அரிந்தால் அளவு சரியாக வரும். பித்தளையைவிட இது இருக்கையின்மேல் துணிபோலவே துவண்டு படுக்கும் என்பதால், தகடு கையில் இருந்தாலும் நான் பல நேரம் இதையே நாடுகிறேன். மற்றொன்று, கருவிப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. விமானம் சுழன்று விழத் தொடங்கினால், விமானி தன் கட்டுப்பாட்டுக் கோலை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நடுநிலையில் நிறுத்துவதற்காக வரைந்தது அது. பழைய டீக்கால் தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கீற்று வெட்டி ஒட்டுங்கள். எத்தனை மானிகள் வரைந்தாலும் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

கேனபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) ஒட்டினேன், மறுநாள் உட்புறம் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது.
– மென்பொருள் பணியாளர், சென்னை

சூப்பர் க்ளூவின் ஆவி செய்த வேலை அது. கண்ணாடிப் பாகங்களை ஒட்ட வெள்ளை நிற மரப்பசையே போதும். காய்ந்தால் நிறமற்றுவிடும், வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தும்விடலாம். காக்பிட்டுக்குள் சூப்பர் க்ளூ பயன்படுத்தியிருந்தால், ஆவி முழுவதும் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். வெளுத்த பாகத்தைக் கழற்ற முடிந்தால், அதைத் தெளிந்த அக்ரிலிக் வார்னிஷில் முக்கியெடுத்து, ஒரு மூலையைக் காகிதத்தில் தொடவைத்து மிகுதியை வடித்து, தூசி படாமல் ஒரு டப்பாவுக்குள் கவிழ்த்து வையுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும்.

சக்கர அறைகள் வெறுமையாக இருக்கின்றன. வீட்டில் கிடைப்பவற்றைக் கொண்டு என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பழுதான கைப்பேசி சார்ஜரின் வயரை உரித்தால் கிடைக்கும் மெல்லிய செப்பு இழைகள் குழாய்களாகும். சக்கரக்காலில் இறங்கும் பிரேக் குழாய்க்குச் சற்றுத் தடித்த இழை. அதைக் கட்டும் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப் நூல். ஸ்ப்ரூ சட்டத்தின் (கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் சுழற்றி, அது தளர்ந்து பளபளக்கும் கணத்தில் வெளியே எடுத்து இழுத்தால் தலைமுடி அளவுக்கு மெல்லிய இழை வரும். வேகமாக இழுத்தால் மெலிதாகவும் நிதானமாக இழுத்தால் தடிப்பாகவும் அமையும். அதே பிளாஸ்டிக் என்பதால் சாதாரண பிளாஸ்டிக் சிமென்டிலேயே ஒட்டிக்கொள்ளும். தகடுகள் வேண்டுமானால், முக்கோணக் குறிக்குள் 6 என்ற எண் போட்ட டப்பா மூடிகளைத் தேடுங்கள், மாடலைப் போலவே அதுவும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கே. கதவுகளை மட்டும் குளிர்பான அலுமினியக் கேனிலிருந்து வெட்டுகிறேன். அதன் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான், வளைவும் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

விடைபெறும் விழாவில் பறந்த விமானத்தையே செய்ய விரும்புகிறேன். என்னிடம் இருப்பது சாதாரண பிஸ் கிட். 1971 போரில் பறந்த எஃப்.எல். வகையையும் இதிலிருந்தே செய்ய முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

முதலாவது முயன்றால் முடியும். கடைசிவரை பறந்தவை பைசன் என்று பெயரிட்டு மேம்படுத்தப்பட்ட பிஸ் விமானங்கள். அவற்றில் சட்டங்களால் பிரித்த பழைய முன்கண்ணாடிக்குப் பதிலாக ஒரே துண்டாகச் சுற்றி வளையும் கண்ணாடி உண்டு. மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்துச் செய்யலாம். இரண்டாவது வேண்டாம். எஃப்.எல். வகையில் முன்கண்ணாடியும் கேனபியும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகத் தூக்கும், முதுகு ஒல்லி, உடலுக்குள் துப்பாக்கி கிடையாது, பிட்டோவும் மூக்கின் நடுவில். இத்தனையையும் மாற்றுவதற்குள் மற்றொரு கிட் வாங்கும் பணத்தைப் பட்டியிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

இடுக்கியிலிருந்து பறந்துபோன பாகத்தை எப்படித் தேடுவது?
– பலர்

அசையாதீர்கள், முதலில் உங்கள் மடியைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெல்லச் சுழற்றுங்கள். எவ்வளவு சிறிய துண்டானாலும் நீண்ட நிழல் விழும். அதற்கும் அகப்படவில்லையென்றால் வேக்வம் கிளீனர் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டி உறிஞ்சுங்கள். என் வீட்டில் சென்ற மாதம் இப்படித் தேடியபோது, தொலைத்த மிக்-21 ஆன்டெனா கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைந்த வேறொரு விமானத்தின் சக்கரக் கதவு கிடைத்தது.