இங்கிலாந்தின் ‘கைவிடப்பட்ட ஊர்’ என்றால் என்ன? மக்கள் ஏன் போனார்கள்?

மக்கள் முழுவதும் போய்விட, வீட்டு மேடுகளும் தெருத் தடங்களும் மட்டும் புல்லுக்கடியில் மிஞ்சிய இடைக்கால ஊரையே அப்படிச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் சுமார் 3,000 உண்டு. யார்க்‌ஷயரின் ‘வாரம் பெர்சி’ என்ற ஊர் அவற்றில் புகழ்பெற்றது. 1950 முதல் 1990 வரை அங்கே அகழாய்வு நடந்தது.

வாரம் பெர்சி காலியானதற்குக் காரணம் கம்பளி. உழவுக்குப் பல குடும்பங்களின் கை வேண்டும். ஆடு மேய்க்க ஓரிருவர் போதும். கம்பளியில் வருமானம் கூடியதும், 1500ஐ ஒட்டி, நிலவுடைமையாளர் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றி வயல்களை மேய்ச்சல் நிலமாக்கினார். நெல் வயல் தென்னந்தோப்பானால் நடவாட்களுக்கு வேலை போகுமே, அதுபோலத்தான். இங்கே வேலையோடு வீடும் போனது. கூரையிழந்த தேவாலயம் மட்டும் இன்றும் தனியாக நிற்பதுதான் என் மனதைப் பிசைகிறது.

1348-49 கொள்ளைநோயே ஊரை அழித்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அதற்குப் பிறகும் ஏறக்குறைய 150 ஆண்டுகள் அங்கே அடுப்பெரிந்தது.