விட்டதன் கணக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளை நான்கு வருடமாக வாசிக்கிறேன். இது முதல் கடிதம். எனக்கு 29 வயது. பதினெட்டு வயதில் மனந்திரும்பினேன். அன்றிலிருந்து குடி இல்லை, கெட்ட படங்கள் இல்லை, அலுவலகத்தில் எல்லோரும் எழுதும் பொய்க் கணக்கு இல்லை. பல நண்பர்களை விட்டுவிட்டேன். தேவனுக்குப் பிரியமாய் வாழ்கிறவனுக்கே மெய்யான சந்தோஷம் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

என் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார். குடிப்பார். வாயைத் திறந்தால் பொய். போகாத பயணத்துக்கெல்லாம் பணம் வாங்குவார். எப்போதும் சிரித்த முகம். போன மாதம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட அந்தக் கலகலப்பு குறையவில்லை. பதவி உயர்வும் அவருக்குத்தான் கிடைத்தது.

சமூக வலைத்தளங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டுமா? உலகப் பாடல்களைக் கேட்பது பாவமா? விசுவாசிகள் அல்லாதவர்களோடு நட்பு வைக்கலாமா? இவற்றையும் விட்டுவிட்டால் அந்தச் சந்தோஷம் வருமா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. சென்ற வாரம் பழைய பெட்டி ஒன்றை ஒழிக்கும்போது என் அப்பாவின் நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்து வேறெதிலும் மனம் செல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்விகள்.

பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேட்டு முடித்தபின் ஜெபிக்க முடிகிறதா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வலைத்தளங்கள். பழைய காலத் திருச்சபைத் தந்தை அகஸ்டின் தன் வாழ்க்கையை எழுதிய 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் புத்தகத்தில் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமுக்குப் போனவர். மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் வாள்சண்டைக் காட்சிகள் அவருக்கு அருவருப்பு. நண்பர்கள் விடாமல் இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் கொண்டுபோகிறீர்கள், மனதை அல்ல என்று சொல்லிவிட்டு, அங்கே கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. திடீரென்று கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. என்னவாக இருந்தாலும் பார்த்துவிட்டு வெறுத்துவிடலாம் என்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அவரும் சேர்ந்து கத்தினார். பிறகு அவரே மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகிறவராக ஆனார். அவர் கண்ணை மூடியதில் அகஸ்டினுக்குக் குறை இல்லை. தன் பலத்தை நம்பி அங்கே உட்கார்ந்தாரே, அதுதான் குறை. இந்த மனிதர்தான் பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே நகரின் ஆயர். ஆகவே தம்பி, உங்கள் கையிலிருக்கும் போன் உங்களை இழுக்கிறது என்றால் தூக்கி வையுங்கள். இழுக்கவில்லை என்றால் அதைப் பெரிய விஷயமாக்காதீர்கள். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நண்பர்கள். 'நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல்' என்றுதான் ஆண்டவர் தம் சீஷர்களுக்காக ஜெபித்தார் (யோவான் 17:15). அவர் கேட்காததை நீங்களாகச் செய்துகொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 'இவற்றையும் விட்டுவிட்டால் அந்தச் சந்தோஷம் வருமா?' இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. 'இவற்றையும்' என்கிறீர்கள். ஏற்கெனவே இவ்வளவு கட்டிவிட்டேன், இன்னும் எவ்வளவு கட்டினால் சரக்கு கைக்கு வரும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, தேவபக்தியை 'ஆதாயத்தொழில்' என்று எண்ணுகிறவர்களை விட்டு விலகச் சொல்கிறார். காணிக்கையை வைத்துக் கொழுக்கிற போதகர்களுக்குத்தான் அந்த வசனம் என்று நாம் சௌகரியமாக நினைத்துக்கொள்கிறோம். பணம் எதிர்பார்த்தால்தான் தொழிலா? நிம்மதியை எதிர்பார்த்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினாலும் தொழில்தான். அடுத்த வசனத்திலேயே அதே ஆதாயம் என்ற சொல்லை எடுத்துத் திருப்பிப் போடுகிறார்: 'போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்.' அந்தப் 'போதும்' உங்கள் கடிதத்தில் எங்கே இருக்கிறது? பதினொரு வருடமாக விட்டதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பெற்றது என்று ஒரே ஒரு வரி இல்லை.

இப்போது அந்த நோட்டு.

நீளமான நோட்டு, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. அப்பா வேலை பார்த்தது ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். மூன்று பத்திகள் பிரித்திருந்தார். தேதி, விவரம், தொகை. வீட்டுச் செலவுக் கணக்கு என்று நினைத்து மூடி வைக்கப் போனேன். விவரம் என்ற பத்தியில் 'பயணப்படி, நான் எழுதவில்லை' என்று இருந்தது. அடுத்த வரி, 'ஒப்பந்தக்காரர் கொடுத்த உறை, திருப்பிக் கொடுத்தேன்.' இன்னும் கொஞ்சம் கீழே, 'பதவி உயர்வு, எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு.' இந்த வரிக்கு நேரே சம்பள வித்தியாசத்தை ஓய்வு பெறும் வருடம் வரை பெருக்கி எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை. அது அடுத்த பக்கத்தின் தலையில் ஏறியிருந்தது. அவருடைய அழகான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. ஒன்பது வருடக் கணக்கு.

அப்பா ஒரு காசு தவறாக வாங்கியதில்லை. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் தினமும் கேட்டோம். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் யார் எவ்வளவு வாங்கினான், யார் யாருக்குப் பல்லைக் காட்டினான் என்று ஆரம்பிப்பார். அலுவலகத்தில் தொட மறுத்த எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் நடுவே கொட்டுவார். அவர் முகம் அப்போது கடுகடுவென்று இருக்கும். அண்ணன் பத்தொன்பது வயதில் சபைக்கு வருவதை நிறுத்தினான். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அப்பா மாதிரி ஆகிறதுக்கா?" என்றான். அவன் இன்றுவரை வரவில்லை.

73ஆம் சங்கீதத்தை நீங்கள் கட்டாயம் வாசித்திருப்பீர்கள். மறுபடி வாசியுங்கள், இந்த முறை மெதுவாக. அதைப் பாடிய ஆசாப் தாவீதின் நாட்களில் பாடகர். வெண்கலத் தாளங்களை ஒலிக்கச் செய்யும் பணி அவருக்கு. அப்படிப்பட்டவர் வாய்விட்டுச் சொல்கிறார், 'நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன்' என்று. உங்கள் கடிதம் முழுக்க இந்த ஒரு வரிதான், தம்பி. துன்மார்க்கரைப் பற்றி அவர் சொல்வதைக் கவனியுங்கள். அவர்களுக்கு இடுக்கண் இல்லை, மனுஷர் படும் வருத்தம் அவர்களுக்கு இல்லை என்கிறார். அது உண்மையா? வருத்தமே இல்லாத மனிதன் எங்கே இருக்கிறான்? பொறாமைக்கண்ணுக்கு மற்றவன் வலி தெரியாது. அவன் சிரிப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் ஆசாப் என் அப்பாவைவிடக் கவனமாக இருந்தார். இப்படியெல்லாம் பேசினால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று 15ஆம் வசனத்தில் சொல்கிறார். இந்தக் கசப்பை அடுத்த தலைமுறையின் முன்னால் கொட்ட மாட்டேன், தேவனிடம் கொண்டுபோவேன் என்று பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைகிறார். சங்கீதம் அங்கேதான் திரும்புகிறது.

திரும்பியதும் அவருக்கு என்ன கிடைத்தது? செல்வம் வரவில்லை. துன்மார்க்கரின் முடிவைக் கண்டார், சரி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு முக்கியம் 23ஆம் வசனம்: 'ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்.' பல வருடங்களுக்கு முன் இதை வாசித்தபோது எங்கேயோ கேட்ட சொற்களாக இருக்கிறதே என்று தேடினேன். லூக்கா 15. கெட்ட குமாரன் கதையின் முடிவில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு விருந்து நடக்கிறது, மூத்தவன் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தரவில்லையே என்கிறான். அவனும் கணக்கு வைத்திருந்தவன்தான். அதற்குத் தகப்பன், 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்' என்கிறார். ஆசாப் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னதை மூத்த மகனுக்குத் தகப்பனே சொல்ல வேண்டியிருக்கிறது. இருந்தும் அவன் உள்ளே போனானா இல்லையா என்று வேதம் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தகப்பனோடு இருப்பதைக் கூலி இல்லாத வேலையாக நினைத்து வாழ்ந்திருக்கிறான். கூலி கேட்காதவன் என்பதால் அவன் நல்லவன் என்று ஊர் சொல்லியிருக்கும். உள்ளுக்குள் அவன் வேலைக்காரன்தான். இதைச் சொல்லிச் சொல்லி என் நண்பர்களுக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை.

விட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எகிப்தின் அந்தோணியார் மொத்தச் சொத்தையும் கொடுத்துவிட்டுப் போனவர். ஏறக்குறைய 20 வருடம் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் தனியாக இருந்தார். அவர் வாழ்க்கையை எழுதிய அத்தனாசியார், வெளியே வந்தபோது அவர் துக்கத்தால் சுருங்கியும் இல்லை, இன்பத்தால் தளர்ந்தும் இல்லை என்கிறார். அவரை முன்பின் பார்த்திராதவர்கள்கூட, துறவிகள் கூட்டத்துக்கு நடுவே நேராக அவரிடம்தான் போவார்களாம். முகத்தில் இருந்த மலர்ச்சிதான் அடையாளம். இது அவருக்கு எப்படிச் சாத்தியமானது என்பதற்கும் அதே நூலில் ஒரு குறிப்பு உண்டு. கடந்த வருடங்களை அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றுதான் ஆரம்பிக்கிறேன் என்பதுபோல் தொடங்கினார். 'பின்னானவைகளை மறந்து' என்ற பவுலின் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தார். அவரிடம் நோட்டு இல்லை.

அப்பாவின் நோட்டில் ஒரு தேதியோடு எழுத்து நின்றுபோயிருந்தது. பக்கத்தின் பாதியில், கூட்டுத்தொகை போடாமல். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள். அம்மாவிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த இரவு எனக்கும் நினைவிருக்கிறது. எனக்குப் பதினான்கு வயது இருக்கும். அப்பாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பெற்றவர், தணிக்கையில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை போய்விடும் நிலைமை. வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் போனபிறகு அப்பா சாப்பிடவில்லை. நடுராத்திரியில் அம்மாவை எழுப்பிச் சொல்லியிருக்கிறார்.

"அவன் அழுதான். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல இதுதான் எனக்குக் கிடைச்ச சந்தோஷமா? பயமா இருக்கு. ஆண்டவருக்குக் கடன் கொடுத்தவன் மாதிரி எழுதி வச்சிருக்கேன்."

அதன்பிறகு அவர் அந்த நோட்டைத் தொடவில்லை என்றாள் அம்மா.

ஒரே நாளில் ஆள் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஓய்வு பெறும்வரை உறைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். பொய்ப் பயணப்படி எழுதவில்லை. அதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சாயங்காலப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்த மனிதர் இடைநீக்கத்தில் இருந்த மாதங்களில் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போவார். உட்கார்ந்து விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பார். தவறு செய்யவில்லை என்று எழுதிக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செய்ததை ஒப்புக்கொண்டு எழுதவைத்தார். அப்புறம் ஒரு நாள் அப்பா கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டே பாடுவதைக் கேட்டேன். சுருதியே சேராத குரல். நான் அதற்குமுன் அவர் பாடிக் கேட்டதில்லை. உள்ளே போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். இருவரும் சத்தம் போடாமல் நின்று கேட்டோம்.

நீங்கள் விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. குடிக்காதீர்கள், பொய்க் கணக்கு எழுதாதீர்கள். 29 வயதில் இவ்வளவு உறுதியாக நிற்பது சாதாரணம் இல்லை, அதற்காக நான் ஆண்டவரைத் துதிக்கிறேன். உண்மையாகவே சொல்கிறேன், உங்களை நினைத்து எனக்குச் சந்தோஷம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. உங்கள் பக்கத்து இருக்கைக்காரரின் மனைவி போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய கலகலப்பு குறையவில்லை என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். என்ன நோய் என்று எழுதவில்லை. நீங்கள் போய்ப் பார்த்ததாக எழுதவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாரா என்றும் எழுதவில்லை. பதினொரு வருடம் ஆண்டவரோடு நடந்தவர், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் இதைக்கூடக் கேட்கவில்லையா? அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்து சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நாளைக்குக் கேளுங்கள். வேதவசனம் எதுவும் சொல்ல வேண்டாம், சபைக்கு அழைக்கவும் வேண்டாம். அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு, எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள். நானும் அவருக்காக ஜெபிக்க வேண்டும்.