உடுத்துவோம் வாங்க: கேள்வி பதில்

நாகர்கோவில் வடசேரியில் தையல் கடை நடத்தும் அக்கா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, சித்தி மகள் கல்யாணம் மார்த்தாண்டத்தில், சர்ச்சில். 2026-இல் வெள்ளைதான் டிரெண்டு என்கிறார்கள். வெள்ளைப் புடவை எடுக்கலாமா?
– வாசகி, குழித்துறை

எடுங்கள், ஆனால் அன்றைக்குக் கட்டாதீர்கள். 'கிளவுட் டான்சர்' என்ற வெள்ளையை 2026-இன் நிறமாக, நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் கொடுக்கும் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் அறிவித்தது உண்மைதான். அவர்கள் நம் ஊர் சர்ச் கல்யாணம் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். பீடத்துக்கு முன்னால் வெள்ளையில் நிற்க வேண்டியவள் மணப்பெண். பக்கத்தில் நீங்களும் வெள்ளையில் நின்றால், ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் சித்தி வாயில் விழ வேண்டியதுதான். போன வருடம் எல்லோரும் கொண்டாடிய வெண்ணெய் மஞ்சள் இன்னும் பழசாகவில்லை. அதில் ஒரு லினன் புடவை, அடர் பச்சையில் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. போதும்.

வெள்ளையை ஓணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்துப் பெண்கள் கட்டும் முண்டும் நேரியலும் பார்த்து வளர்ந்த நமக்கு, லேசாக மஞ்சளோடிய அந்தப் பாதி வெள்ளையின் அழகை வெளிநாட்டுக்காரர்கள் வந்து சொல்ல வேண்டியதில்லை. கடை டியூப்லைட்டில் எல்லா வெள்ளையும் ஒன்றுபோலத்தான் தெரியும். துணியை வாசலுக்கு எடுத்து வந்து முன்கையில் போட்டுப் பாருங்கள். நீலம் அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளி மஞ்சள் கலந்ததுதான் நம் நிறத்துக்கு எடுக்கும். ரவிக்கைக்கு வெள்ளை லைனிங் கொடுக்கச் சொல்லாதீர்கள். உடம்பு நிறத்தை ஒட்டிய லைனிங் வைத்தால்தான் உள்ளே போட்டிருப்பது வெளியே தெரியாது.

அப்புறம் துவைப்பது. இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரில் வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும். அதைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் கறை இன்னும் கெட்டியாகும். மழைத் தண்ணீர் பிடித்து அலசுங்கள். நமக்குத்தான் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் இருக்கிறதே!

ராம்ப்பில் வருவதை எல்லாம் நிஜத்தில் யார் போடுவார்கள்? உங்களுக்குப் பிடித்த ஒன்றையாவது சொல்லுங்களேன்.
– வாசகி, தக்கலை

2025 டிசம்பரில் ஷனேல் என்ற பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனம் நடத்திய ஷோ. நியூயார்க்கில், பவரி சுரங்க ரயில் நிலையத்தின் பிளாட்பாரத்தில். முதலில் நடந்து வந்தவர் நம் ஐதராபாத் பெண் பவிதா மண்டவா. போட்டிருந்தது ஜீன்சும், கழுத்தில் ஜிப் வைத்த ஒரு ஸ்வெட்டரும்! நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த அவரை மாடலிங்குக்குக் கண்டுபிடித்ததும் ஒரு ரயில் பிளாட்பாரத்தில்தான். ராம்ப்பில் நான் எப்போதும் பார்ப்பது தோள்பட்டையை. தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் ஜீன்ஸ்கூடக் கம்பீரம்தான். ஆகவே உங்கள் டெய்லரிடம் டிசைன் படத்தைக் காட்டுமுன் தோள் அளவை ஒருமுறை புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள்தான் எங்கள் கடையில் பாதிப் பேர்.

கோலாப்பூர் செருப்பு ஃபேஷனாகிவிட்டதே, வாங்கலாமா அக்கா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தாராளமாக வாங்கு மக்கா. 2025 ஜூனில் மிலானில் பிராடா என்ற இத்தாலிய ஃபேஷன் நிறுவனம் தன் ஆண்கள் ஷோவில் அச்சு அசல் அதே மாதிரிச் செருப்பைக் காட்டியது. முதலில் கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. இங்கே சத்தம் எழுந்த பிறகுதான் இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது. மகாராஷ்டிரா, கர்நாடகக் கைவினைஞர்கள் செய்ததாகப் பார்த்து வாங்கு. ஆனால் ஜூனில் வாங்கி ஜூனிலேயே போடாதே. அந்தத் தோல் நனைந்தால் ஊறிப்போகும், நம் செம்மண் சேறு ஏறினால் லேசில் போகாது. மழை விட்டதும், ஜனவரிக்கு மேல் எடு. புதுசு காலைக் கடிக்கும். வாரில் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நட.

ஷோக்களில் எங்கு பார்த்தாலும் தொங்கும் நூல் குஞ்சம்தான். சுடிதார் துப்பட்டாவில் வைக்கலாமா?
– வாசகி, குளச்சல்

ஸ்கூட்டி ஓட்டுவீர்களா? ஓட்டினால் வேண்டாம். பின்சக்கரம் துப்பட்டாவையே இழுக்கும், குஞ்சத்தை விடுமா? ஆசைதான் என்றால் ரவிக்கையின் முதுகுக் கயிற்றில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.