காக்கா ஆழியும் கல்லூரிச் செய்தி மடலும்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். எங்கள் ஆண்டுச் செய்தி மடலில் ஆராய்ச்சிப் பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. விருது, கருத்தரங்கு, பேராசிரியர்களின் கட்டுரைப் பட்டியல் போதும், ஆங்கிலத்தில் இருந்தால்தான் மதிப்பு என்கிறார்கள். எண்ணூர் ஆற்றில் பரவும் காக்கா ஆழிச் சிப்பியை எடுத்து அளந்த என் வகுப்புத் தோழியின் வேலையைப் போடலாமா? புளியந்தோப்புப் பெரியவர்களிடம் மில் கதைகளைப் பதிவு செய்த வரலாற்று மாணவருக்கு அரைப் பக்கம் போதுமா? எங்கள் கல்லூரியில் நடப்பது பெரிய ஆராய்ச்சி இல்லைதான். மொத்தம் எத்தனை பக்கம் வைக்கலாம்?

எஸ்., திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

பக்கக் கணக்கை அச்சகத்துக்காரர் சொல்லிவிடுவார். சால்வை போர்த்தும் படங்கள் இல்லாமல் மடல் வராது. கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

"பெரிய ஆராய்ச்சி இல்லைதான்" என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கோபம். கல்லூரியின் முதல் கட்டமான எஃப்.ஏ. தேறாத ஒருவர் 1912-ல் நம் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதினார், ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். மறு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்தக் கணித மேதை ராமானுஜன் நடந்த தெருக்களில் நடந்துகொண்டு நீங்களே உங்களைத் தாழ்த்திப் பேசலாமா?

உங்கள் தோழியின் வேலைக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் ஒரு மீனவர், என் வயதுக்காரர், படகிலிருந்தே குனிந்து ஒரு கொத்தை அள்ளிக் காட்டினார். கட்டைவிரல் அளவுச் சிப்பிகள், கறுப்பும் பழுப்புமாக, நூல் நூலாய் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நடுவில் கெட்டிச் சேறு. உதறினார், பிரியவில்லை. அடி மண் முழுக்க இப்படிப் பாய் விரித்துவிட்டால் இறால் எங்கே புதையும்? தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் விரல்களைப் பாருங்கள், ஓடு கிழித்த கோடுகள் தெரியும்.

இந்தச் சிப்பியின் பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 2019-ல் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அஷ்டமுடிக் காயலில் இதே சிப்பியைக் கண்டு, இந்தியாவுக்கே ஆபத்தாகலாம் என்று எழுதினார்கள். எண்ணூரில் ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா? அந்த மீனவர் என்னிடம் கேட்டது இதுதான்: "காலேஜ் புள்ளைங்க வந்து டப்பாவுல எடுத்துக்கினு போச்சுங்க சார். இன்னா கண்டுபுச்சாங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்லல." என்னிடம் பதில் இல்லை. உங்கள் தோழியிடம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் அச்சடித்து அலமாரியில் பூட்டப் போகிறீர்களா?

ஆற்றைக் கொடுத்தவர்கள் அந்த மீனவர்கள். படகில் ஏற்றி, எந்த இடத்தில் அடர்த்தி, எந்த மாசம் பெருகும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். கண்டது அவர்களிடம் திரும்பாவிட்டால் அது வாங்கிய கடனைக் கொடுக்காமல் போவதுதான். ஆகவே தமிழில் எழுதுங்கள். தோழி எங்கே எடுத்தாள், எதால் அளந்தாள், ஒரு சதுர அடியில் எத்தனை இருந்தன, அவளுக்கே புரியாமல் நிற்பது எது, எல்லாம் வரட்டும். "சிறப்பான ஆய்வு, துறைத்தலைவர் பாராட்டினார்" என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள். துறைத்தலைவர் வருத்தப்பட்டால் படட்டும்.

வரலாற்று மாணவருக்கு அரைப் பக்கமா? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த பி அண்ட் சி மில் தொழிலாளர்களால். 1921 வேலைநிறுத்தத்தில் புளியந்தோப்பே இரண்டாகப் பிளந்தது. தாத்தன் சொல்லக் கேட்டவர்களே இப்போது எண்பதைத் தொடுகிறார்கள். முழுப் பக்கம் கொடுங்கள், அவர்கள் பேசிய பேச்சிலேயே போடுங்கள், திருத்தாதீர்கள்.

மடல் வந்ததும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு தோழியோடு காட்டுக்குப்பம் போய்வாருங்கள். எப்போது போனால் ஆட்கள் கரையில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு ஓடி வராமல், ஒருவரை வாசிக்கச் சொல்லி உட்கார்ந்து கேளுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதை அடுத்த வருஷ மடலில் போடுங்கள்.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.