லிங்க்ட்இனில் பின்தொடர்வோர் ஏன் கூடவில்லை?

திருப்பூரில் பின்னலாடைத் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கும் தாங்கள், ஆறு மாதம் எழுதியும் பின்தொடர்வோர் 300-ஐத் தாண்டவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணில் பட்டவர்க்கெல்லாம் இணைப்பு வேண்டுகோள் அனுப்புவது இதற்குத் தீர்வாகாது. தங்கள் துறையோடு தொடர்பில்லாதவர்கள் பதிவைப் படிக்காமல் கடந்து செல்வார்கள்.

பெரும்பாலான பதிவுகள் தோற்பது முதல் வரியில்தான். ஒரு பதிவில் 3,000 எழுத்துகள் வரை எழுத இடமிருந்தாலும், பதிவுகள் அடுத்தடுத்து வரும் ஓடையில் (feed) முதல் சில வரிகள் மட்டுமே தெரியும். மீதியைப் படிக்க வாசகர் தாமாகவே சொடுக்க வேண்டும். "இன்றைய போட்டிச் சூழலில் தரம் இன்றியமையாதது" என்று தொடங்கினால் எவரும் சொடுக்க மாட்டார். அதையே, "துணியில் குறையில்லை, நூலில் குறையில்லை, துவைத்ததும் தையலோரம் துளை விழுந்தது" என்று தொடங்கி, உருண்டை முனை ஊசிக்குப் பதிலாகக் கூர்முனை ஊசியைப் பொருத்தியதால் பின்னல் கண்ணிகள் அறுந்த விதத்தைப் படத்துடன் விளக்கினால், அதே சிக்கலில் தவிக்கும் தையல் மேற்பார்வையாளரும் கொள்முதல் அலுவலரும் நின்று படிப்பார்கள்.

பிறர் பதிவுகளில் இடும் கருத்துகளுக்கும் இதே அளவுகோல்தான்: "அருமை, வாழ்த்துகள்" என்பது (நாம் அனைவரும் செய்வதுதான்) யாரையும் தங்கள் பக்கம் அழைத்து வராது, பதிவர் விட்டுவிட்ட ஒரு நுட்பத்தை இரண்டு வரியில் சேர்த்தால், அதைப் படிப்பவர் தங்கள் பெயரைச் சொடுக்கிப் பார்ப்பார். அப்போது பெயருக்குக் கீழே வெறும் பதவிப்பெயர் இல்லாமல், எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதும் இருக்கட்டும்.